99 நாட்கள் எங்கே போயின? தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும் விவாத நெறியாளர்களுக்கும்,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன். உங்கள் சேனல்களைத் தினமும் பார்க்கிறவன். எந்தச் செய்தி முதலில் போக வேண்டும், அதற்கு என்ன தலைப்பு வைக்க வேண்டும், இரவு விவாதத்துக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வெயிலில் மைக்கோடு நிற்கிற மாவட்ட நிருபர்கள் மேலும் ஒளிப்பதிவாளர்கள் மேலும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் அனுப்புவதில் எவ்வளவு திரைக்கு வருகிறது என்பதுதான் என் கேள்வி.

2018 பிப்ரவரி 12-ம் தேதி, எங்கள் ஊரில் இருக்கிற ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை ஒட்டியிருக்கிற குமரரெட்டியாபுரத்து மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் எடுத்த ஆலையை 8 லட்சம் டன் ஆக்கும் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. விரிவாக்கம் கூடாது, இருப்பதையும் மூட வேண்டும் என்று கேட்டார்கள். பிறகு பண்டாரம்பட்டி, மடத்தூர் என்று ஒவ்வோர் ஊராகச் சேர்ந்துகொண்டது. அந்த மக்களிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. 2013 மார்ச்சில் ஒரு காலை நேரத்தில் ஊரே மூச்சுத் திணறியதும், அதற்கு அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்காக ஆலைக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்துவிட்டு, தொடர்ந்து இயங்கவும் அனுமதித்ததும் அவர்களுக்கு மனப்பாடம். நிலத்தடித் தண்ணீரைப் பற்றி, காற்றைப் பற்றி, வீட்டில் இருக்கிற நோயாளிகளைப் பற்றி யார் கேட்டாலும் சொல்லத் தயாராக இருந்தார்கள். அவசரமும் இல்லை. நூறாவது நாளான மே 22-ல் துப்பாக்கிச் சூடு நடப்பதற்கு முன் 99 நாட்கள் இருந்தன.

நீங்கள் ஒன்றுமே காட்டவில்லை என்று சொன்னால் அது பொய். மார்ச் 24 அன்று தூத்துக்குடியில் கடைகளை அடைத்துவிட்டு ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டபோது தமிழ்ச் சேனல்களில் வந்தது. டெல்லிச் சேனல்கள் அதைக்கூடச் சீந்தவில்லை. ஆனால் அன்று வந்த செய்தி கூட்டத்தின் அளவைப் பற்றியது. கூட்டம் கலைந்ததும் செய்தியும் கலைந்துவிட்டது. மறுநாள் குமரரெட்டியாபுரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய், இந்தக் கூட்டத்துக்குப் பிறகு அரசாங்கத்திலிருந்து யாராவது வந்து பேசினார்களா என்று கேட்டிருந்தால் அது பெரிய செய்தியாகியிருக்கும். வாரக்கணக்கில் யாரும் உருப்படியாகப் பேசாமல் இருந்ததுதான் நூறாவது நாளை அப்படி ஆக்கியது. முதலமைச்சரின் ஒவ்வொரு பேட்டியிலும் இந்தக் கேள்வி அவர் முன்னால் வைக்கப்பட்டிருந்தால், மே 22-ம் தேதி ஊர்வலம் போக வேண்டிய தேவையே வந்திருக்காது என்று நான் நம்புகிறேன். ஒரு போராட்டத்தை வளர்ப்பதிலும் முடிப்பதிலும் உங்களுக்கு இருக்கிற பங்கு இவ்வளவு பெரியது. அதனால்தான் இந்த மடலை எழுதத் தோன்றியது.

அந்த நாளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பனிமய மாதா கோயிலிலிருந்து கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போன ஊர்வலம், புகை, எரிகிற வண்டிகள், பிறகு பிணங்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அன்று உங்கள் தொழில் செய்த நல்ல காரியத்தையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். வேன் மேல் ஏறி நின்று, மஞ்சள் டி-ஷர்ட்டில் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியால் குறிபார்க்கிற காட்சியை ஒரு செய்தி நிறுவனத்தின் கேமரா பிடித்தது. குறைந்தது ஒருவராவது சாக வேண்டும் என்று ஒரு குரலும் அதில் கேட்டது. அந்தச் சில நொடிகள் இல்லாமல் போயிருந்தால், எங்கள் ஊரைப் பற்றி அரசாங்கம் சொன்னது மட்டுமே மிச்சமாகியிருக்கும். கேமரா அங்கே இருந்தது என்ற ஒரே காரணத்தால் நாடு முழுக்க அதைப் பார்த்தது.

மறுநாள், மே 23, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய 3 மாவட்டங்களிலும் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். 5 நாட்களுக்கு என்று உத்தரவு. வாட்ஸ்அப் இல்லை, பேஸ்புக் இல்லை. ஊருக்குள் என்ன நடக்கிறது என்று ஊர்க்காரனே தெரிந்துகொள்ள தொலைக்காட்சியும் காலையில் வருகிற பேப்பரும்தான். அந்த நாட்களில் நீங்கள் ஸ்க்ரோலில் ஓட்டிய ஒவ்வொரு வரியும் எங்களுக்கு அப்படியே உண்மை. சரிபார்க்க எங்களிடம் வேறு வழி இல்லை. அந்த நேரத்தில்தான் 'சமூக விரோதிகள் ஊடுருவல்' என்ற வாசகம் திரும்பத் திரும்ப ஓடியது. சொன்னது யார்? போலீஸ், அமைச்சர், பிறகு மே 30 அன்று ஊருக்கு வந்துவிட்டுப் போன ரஜினிகாந்த். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதாகப் போடுவது உங்கள் கடமை, அதை மறுக்கவில்லை. ஆனால் 'காவல்துறை சொல்கிறது' என்ற இரண்டு சொல் விழுந்துவிட்டால், ஒரு தரப்பின் குற்றச்சாட்டு செய்தியாகவே மாறிவிடுகிறது. மகள் வீட்டுக்குப் போன வழியில் திரேஸ்புரத்தில் குண்டு பட்டுச் செத்த அம்மாவும் அந்த வாசகத்துக்குக் கீழேதான் அன்று வந்தார்.

அதே வாரத்தில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். அதை நீங்கள் ஒளிபரப்பினீர்கள், விவாதமும் வைத்தீர்கள். 2022-ல், துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டப்பேரவைக்கு வந்தபோது, அவர் அப்படிச் சொன்னது சரியில்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. தப்பி ஓடியவர்கள் மேல் சுட்டார்கள் என்றும், மறைவான இடத்திலிருந்து சுட்டார்கள் என்றும் இருந்தது. அன்றைய கலெக்டர் மீதும் 17 போலீஸ்காரர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அறிக்கையின் முக்கியமான பகுதிகளை அவைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டது ஃப்ரண்ட்லைன் பத்திரிகை. நீங்கள் அதை எடுத்துச் சில நாட்கள் பேசினீர்கள். அப்புறம் அது அடங்கிவிட்டது. 2018-ல் 'சமூக விரோதிகள்' ஓடிய மணி நேரங்களோடு, 2022-ல் இந்த அறிக்கைக்குக் கிடைத்த மணி நேரங்களை உங்கள் சொந்த நூலகத்திலிருந்தே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த 17 பேர் மீது என்ன நடவடிக்கை என்று எந்த முதலமைச்சரிடமும், எந்தக் கட்சியாக இருந்தாலும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது உங்கள் நிருபர்கள்தான். எங்களால் கோட்டைக்குள் போய் மைக் நீட்ட முடியாது.

தூத்துக்குடிக்கு மட்டும் நடந்ததாக இதை நினைக்க வேண்டாம். அதற்கு முன்னால், கூடங்குளத்துக்குப் பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரை. 2011-ல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக மீனவ மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். உலை பாதுகாப்பானதா, விபத்து நடந்தால் எங்களை எப்படி வெளியேற்றுவீர்கள் என்பது அவர்கள் கேட்டது. ஃபுகுஷிமா நடந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள்தான் இதன் பின்னால் இருக்கின்றன என்ற பொருளில் ஒரு பேட்டி கொடுத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து இடிந்தகரைக்காரர் யார் ஸ்டுடியோவுக்கு வந்தாலும், 'உங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது' என்பதே முதல் கேள்வி. அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும். வெளியேற்றும் திட்டத்தைப் பற்றி அணுசக்தித் துறையிடம் கேட்க வேண்டிய நேரமும் அதோடு போனது. கடலோரத்து மக்கள் ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத் துரோக வழக்கு போட முடிந்ததற்கும், மற்ற ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துப் பெரிதாகப் பதறாமல் இருந்ததற்கும் அந்த முதல் கேள்விக்குப் பங்கு உண்டு. அந்த வழக்குகளைத் திரும்பப் பெற நடவடிக்கை எடுங்கள் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது.

அடுத்தது இன்னும் கசப்பானது. அமைதியாக உட்கார்ந்தால் கேமரா வராது என்று தெரிந்துகொண்ட மக்கள், கேமரா கேட்பதைக் கொடுக்க ஆரம்பிக்கிறார்கள். 2017 மார்ச், ஏப்ரலில் விவசாயச் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் நம் விவசாயிகள் 41 நாட்கள் கிடந்தார்கள். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பாதிக்கும் மேல் பொய்த்திருந்தது. மாநிலம் முழுக்க வறட்சி என்று அரசே அறிவித்திருந்தது. 40,000 கோடி ரூபாய் நிவாரணம், கடன் தள்ளுபடி, காவிரி மேலாண்மை வாரியம் என்று அவர்கள் கேட்டது தெளிவாக இருந்தது. மண்டை ஓடுகளை முன்னால் வைத்தார்கள், எலியைப் பல்லில் கடித்தார்கள், பாதித் தலையை மழித்தார்கள், சாலையில் சோற்றைக் கொட்டித் தின்றார்கள். கடைசியில் பிரதமர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஆடையில்லாமல் ஓடினார்கள். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஒரு படி மேலே போகவேண்டியிருந்தது, இல்லையென்றால் அன்றைக்குச் செய்தி இல்லை. அறுபது வயதைத் தாண்டிய ஒரு டெல்டா விவசாயி தலைநகரத்துத் தெருவில் வேட்டியை அவிழ்த்தார் என்றால், அது அவர் விருப்பத்தில் வந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை. அந்தப் படத்தை எல்லாரும் போட்டோம், பகிர்ந்தோம். மத்திய அரசு கடைசியில் ஒதுக்கியது 1,748 கோடி என்பதும், கேட்டதற்கும் கொடுத்ததற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? எலி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

பிரபலங்கள் விஷயமும் இதே மாதிரிதான். சென்னையின் இரண்டாவது விமான நிலையமாகத் திட்டமிட்ட பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் கொடுக்க மாட்டோம் என்று ஏகனாபுரத்து மக்கள் 2022-லிருந்து போராடுகிறார்கள். பகலில் வயல் வேலை, மாலையில் போராட்டம். கிராம சபையில் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஓட்டுப் போடுவதை ஒரு ஊரே வேண்டாம் என்று சொல்வது சின்ன விஷயமா? 2025 ஜனவரி 20 அன்று நடிகர் விஜய் அங்கே போனார். அப்போது போராட்டம் 900 நாளைக் கடந்திருந்தது. அன்று காலையிலிருந்து உங்கள் எல்லா ஓபி வேன்களும் அங்கே நின்றன. அவர் வண்டி எந்த வழியாக வருகிறது என்பதிலிருந்து லைவ். அவர் போனதில் தவறு ஒன்றும் இல்லை, ஊர் மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அன்று இரவு விவாதம், இந்தப் பயணத்தால் எந்தக் கட்சிக்கு லாபம், எந்தக் கட்சிக்கு நஷ்டம் என்பதில் போய் நின்றது. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் மெரினாவில் கூடிய இளைஞர்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். அரசியல்வாதிகளுக்கு மைக் கொடுக்கவில்லை. நடிகர் சங்கம் தனியாக உண்ணாவிரதம் இருந்தபோது, கேமராக்கள் கடற்கரையை விட்டு நடிகர்கள் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று வலியுறுத்தினார்கள், சங்கமும் அதை ஒளிபரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. தெருவிளக்கை அணைத்தபோது செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்த அந்தக் கூட்டத்தை நீங்கள் இரவு பகலாகக் காட்டினீர்கள். அந்த ஒளிபரப்பு இல்லாமல் ஜனவரி 21-ல் அவசரச் சட்டம் அவ்வளவு வேகமாக வந்திருக்காது. உங்களால் என்ன முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 23-ம் தேதி காலையில் போலீஸ் அடித்து விரட்ட ஆரம்பித்ததும், நேற்று வரை 'மாணவர்கள்' என்று நீங்கள் சொன்னவர்கள் மத்தியானத்துக்குள் 'ஊடுருவியவர்கள்' ஆனார்கள். நடுக்குப்பத்து மீன் மார்க்கெட் எரிந்தது. போலீஸ்காரர்களே வண்டிகளுக்குத் தீ வைக்கிற காட்சிகள் செல்போன்களில் எடுக்கப்பட்டுப் பரவின. முதலில் வந்தது செல்போனில். உங்களிடம் வந்தது அப்புறம்தான்.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. பல சேனல்கள் கட்சிகளோடு பிறந்தவை. அரசு கேபிள் அரசின் கையில், விளம்பரமும் பாதி அரசின் கையில். தூத்துக்குடி நடந்த அடுத்த மாதமே, தொடர்ந்து நடக்கிற போராட்டங்களைப் பற்றிக் கோவையில் வட்டமேசை விவாதம் நடத்தியதற்காகப் புதிய தலைமுறை மீது வழக்குப் போட்டார்கள். போராட்டத்தைப் பற்றிப் பேசவைத்ததே குற்றம் என்றால் எந்த ஆசிரியருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். அந்த வழக்கை நான் இன்றைக்கும் கண்டிக்கிறேன். ஆனால் நான் கேட்கிறவை எல்லாம் வழக்கு வாங்கித் தருகிற காரியங்கள் இல்லை. ஒரு கிராமத்துக்கு மாதம் ஒரு முறை கேமரா அனுப்புவதற்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

2020-ல் மத்திய அரசின் வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லைகளில் உட்கார்ந்த பஞ்சாப், ஹரியானா விவசாயிகள், சேனல்கள் தங்களைக் காலிஸ்தான் பிரிவினைவாதிகள் என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்து, டிராக்டர் டிரெய்லர்களுக்கு நடுவிலேயே 'ட்ராலி டைம்ஸ்' என்று சொந்தமாக ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். ஓராண்டு கழித்து 3 வேளாண் சட்டங்களும் போயின. நம் ஊருக்கும் இது புதிதில்லை. ஒரு காலத்தில் இங்கே ஒவ்வோர் இயக்கத்துக்கும் ஒரு பத்திரிகை இருந்தது. பெரியாருக்குக் குடிஅரசு, அண்ணாவுக்குத் திராவிட நாடு, கம்யூனிஸ்டுகளுக்கு ஜனசக்தி. இன்றைக்கு ஊர்ப் பையன்கள் யூடியூப் சேனல் வைத்துத் தங்கள் போராட்டத்தைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். அதில் நல்லதும் இருக்கிறது, சரிபார்க்காத வதந்தியும் இருக்கிறது. ஒரு வதந்தி கிளம்பினால் அதை அடக்கப் பயிற்சி பெற்ற நிருபர் வேண்டும், ஆசிரியர் வேண்டும். அந்த இடத்தை நீங்கள் விட்டுவிட்டால், மக்கள் கிடைத்ததை நம்புவார்கள். அரசாங்கமும் வதந்தியைக் காரணம் காட்டி இன்டர்நெட்டை நிறுத்தும். நிறுத்துகிற உத்தரவை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த முறை எங்காவது நெட் போனால், அந்த உத்தரவு எங்கே என்று முதல் மணி நேரத்திலேயே கேட்கவாவது செய்யுங்கள்.

ஜனநாயகம் என்றால் இரண்டு கட்சிக்காரர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு கத்துவது என்று ஒரு தலைமுறையே உங்கள் இரவு விவாதங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. குடியரசு தினம், மார்ச் 22, மே 1, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. அங்கே பெண்கள் எழுந்து நின்று வரவுசெலவு கேட்கிறார்கள், அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று மேலூர்ப் பக்கத்து ஊர்கள் முதலில் சொன்னதும் தீர்மானங்களாகத்தான். 2025 ஜனவரி 7 அன்று அவர்கள் மதுரைக்கு நடந்து வந்ததை நீங்கள் நன்றாகவே காட்டினீர்கள், அதே மாதம் ஏலம் ரத்தானது. நடப்பதற்கு முன்னால் அவர்கள் கூடிப் பேசி, எழுதி, கையெழுத்துப் போட்டதையும் காட்டியிருந்தால், ஒரு திட்டத்தை எதிர்ப்பதற்கு முறைப்படி என்ன வழி இருக்கிறது என்று வேறு நூறு ஊர்கள் தெரிந்துகொண்டிருக்கும்.

ஆகவே, அடுத்த கிராம சபை நாளில் உங்கள் மாவட்ட நிருபரை ஏதாவது ஓர் ஊரின் கூட்டத்துக்கு அனுப்பி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏகனாபுரமாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் அரை மணி நேரத்தையாவது வெட்டாமல் போடுங்கள். அன்று இரவு விவாதத்தில் ஒரு நாற்காலியை அந்த ஊரில் தீர்மானத்தை முன்மொழிந்தவருக்குக் கொடுங்கள். போனில் இரண்டு நிமிடம் போதாது. ஸ்டுடியோவுக்கு வர பஸ் செலவும் தங்க இடமும் கொடுத்துக் கூப்பிடுங்கள். அவர் பேசி முடித்த பிறகு கட்சிக்காரர்கள் பேசட்டும்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து உங்கள் பார்வையாளர் ஒருவர்